குதிரையை எண்ணி வண்டி வாங்குகிறவர்கள்

"ஒரு எச்.பி.க்கு எவ்வளவு விழுது?"

டிராக்டர் வாங்கப் போகிறவனிடம் எங்கள் பக்கத்தில் முதலில் கேட்கிற கேள்வி இதுதான். காசிமேட்டில் வஞ்சிரம் கிலோ என்ன விலை என்று கேட்கிற மாதிரி. விலையை எச்.பி.யால் வகு, குறைவாக வந்தால் கெட்டிக்காரன், அதிகமாக வந்தால் ஏமாளி. இந்த ஒற்றை வகுத்தலை வைத்துக்கொண்டு ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள்கோவில் வரைக்கும் ஒரு தீர்ப்பும் எழுதிவிட்டார்கள்: வாங்கினால் ஐம்பது எச்.பி.; மினி டிராக்டர் பொம்மை; மண் அள்ளத்தான் ஜேசிபி இருக்கிறதே.

இந்தச் சாலையில் ஆலை வளாகங்களுக்குப் புல் வெட்டிக் கொடுத்துப் பிழைக்கிறவன் நான். அந்தத் தீர்ப்பின் மூன்று வாசகங்களுமே தப்பு என்பது என் கட்சி.

கணக்கு என்னவோ அவர்கள் சொல்கிறபடிதான் வரும். 2023 ஆகஸ்ட் 15 அன்று கேப்டவுனில் மஹிந்திரா தன் ஓஜா வரிசை டிராக்டர்களை அறிமுகப்படுத்தியது. 27 எச்.பி. கொண்ட 2127க்கு 5,64,500 ரூபாய், 40 எச்.பி. கொண்ட 3140க்கு 7,35,000 ரூபாய் என்று அன்றைக்கு அறிவித்தார்கள். இரண்டும் புனே ஷோரூம் விலை. வகுத்தால் சின்ன வண்டியில் ஒரு எச்.பி. 20,900 ரூபாய், பெரிய வண்டியில் 18,375. ஒரே கம்பெனி, ஒரே நாள், ஒரே வரிசை. ஆகவே சின்னது நஷ்டம் என்கிறார்கள். பைக்கைவிடப் பஸ்ஸில் ஒரு சீட்டுக்கு விலை குறைவாக விழுகிறது என்பதற்காக யாரும் பஸ்ஸை வாங்கி வாசலில் நிறுத்துவதில்லை. டிராக்டர் என்று வந்தால் மட்டும் நிறுத்துகிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. பொம்மை என்று இவர்கள் தள்ளுகிற அந்த ஓஜாவை ஜப்பானின் மிட்சுபிஷி மஹிந்திரா நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கியது மஹிந்திரா ரிசர்ச் வேலி. அது இருப்பது செங்கல்பட்டுக்கு முன்னால் இருக்கிற மஹிந்திரா சிட்டியில். நம் சாலை தெற்கே போய் முட்டுகிற இடத்துக்குப் பக்கம். சின்ன டிராக்டருக்கே பேர்போன குபோட்டாவும் இந்தியாவுக்கு வந்தபோது, 2008இல், சென்னையில்தான் கடை விரித்தது. நம் கொல்லையில் விளைந்ததைச் சந்தேகமாகப் பார்க்கிறோம்.

ஐம்பது எச்.பி. மோகத்துக்கு ஒரு நியாயமான பூர்வீகம் உண்டு, அதை மறைப்பானேன். இது ஏரிப்பாசன பூமி. களிமண் வயலில் தண்ணீர் கட்டி, கேஜ் வீல் மாட்டிச் சேறு கலக்க வேண்டும். அறுப்பு முடிந்தால் பெட்டியில் நெல் மூட்டை ஏற்றி ரைஸ் மில்லுக்கு இழுக்க வேண்டும். அப்புறம் சிப்காட் வந்தது, ஆலைகளுக்கு அஸ்திவாரம் தோண்டினார்கள், சவுடு அடிக்கிற வேலை வந்தது. இதற்கெல்லாம் கனமான வண்டிதான் வேண்டும். நாடு முழுக்க அதிகம் விற்பதும் 41 முதல் 50 எச்.பி. வரையிலான வகைதான். உழுகிறவனுக்கும் இழுக்கிறவனுக்கும் எச்.பி. கணக்கு ஓரளவு சரி.

ஆனால் உழுத நிலம் எங்கே? வல்லம், வடகால், பிள்ளைப்பாக்கம், மாம்பாக்கம் என்று சிப்காட் எடுத்துக்கொண்ட ஊர்களில் நிலத்துக்கு வந்த பணத்தில் டிராக்டர் வாங்கியவர்களை எனக்குத் தெரியும். நிலம் இருந்தபோது இல்லாத வண்டி, நிலம் போன பிறகு வாசலில் நிற்கிறது. இன்றைக்கு இந்த வட்டாரத்தில் டிராக்டருக்குக் கூலி கொடுக்கிறவன் விவசாயி இல்லை, ஆலை. ஆலை கேட்கிற வேலை வேறு.

வளாகத்தில் மூன்றில் ஒரு பங்கு பசுமைப் பரப்பாக இருக்க வேண்டும் என்பது சுற்றுச்சூழல் அனுமதிகளில் வழக்கமாக வருகிற நிபந்தனை. 400 ஏக்கர் வளாகம் என்றால் (டெய்ம்லரின் ஒரகடம் ஆலை அந்த அளவுதான்) 130 ஏக்கருக்கு மேல் மரமும் புல்லும். ஐப்பசி மழை இரண்டு நாள் பெய்தால் போதும், புல் முழங்காலுக்கு வந்துவிடும். புல் வந்தால் பாம்பு வரும். பாம்பு வந்தால் பாதுகாப்பு அதிகாரியிடமிருந்து எனக்கு போன் வரும். 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 மிக்ஜாம் புயலும் போன பிறகு மழைநீர் வடிகால் என்றால் ஆலைக்காரர்களுக்கு ஒரு பயம் வந்துவிட்டது. ஆவணி முடிவதற்குள் வடிகால் வண்டலை அள்ளியாக வேண்டும். ஆக வேலை இரண்டு: பின்னால் மோவர், முன்னால் லோடர். உழவும் இல்லை, பெட்டியும் இல்லை.

இந்த இரண்டு வேலைக்கும் எச்.பி. எவ்வளவு வேண்டும்? புதர் வெட்டுகிற ரோட்டரி ஸ்லாஷருக்கு அடிக்கு ஐந்து எச்.பி. என்பது தொழிலில் பழகிய கணக்கு. வெறும் புல்லுக்கு மூன்று, நாலு போதும். அதுவும் இன்ஜின் எச்.பி. இல்லை, பின்னால் சுழலும் பிடிஓ தண்டில் வந்து சேர்கிற எச்.பி. போர்டில் 27 என்று எழுதியிருந்தால் பிடிஓவில் 22, 23 எதிர்பார்க்கலாம். மத்தியப் பிரதேசம் புத்னியில் மத்திய அரசின் சோதனை நிலையம் டிராக்டர்களைச் சோதித்து அறிக்கை தருகிறது. பிடிஓ சக்தி, பின்பக்க லிஃப்ட் தூக்குகிற எடை எல்லாம் அதில் இருக்கும். டீலரிடம் அதைக் கேளுங்கள். பெயின்ட் கலர் விளக்கிக்கொண்டிருந்தவர் கொஞ்ச நேரம் மௌனமாவார். 27 எச்.பி. வண்டி நாலடி ஸ்லாஷரைப் புதரிலும் ஐந்தடி ஸ்லாஷரைப் புல்லிலும் சுற்றும். மீதி எச்.பி. எதற்கு?

"ஐம்பது எச்.பி.யில் ஏழடி ஸ்லாஷர் மாட்டினால் பாதி நேரத்தில் முடியுமே" என்பார்கள். மைதானமாக இருந்தால் நேரம் குறையும்தான். ஆலையின் பசுமைப் பரப்பு மைதானமா? பத்துப் பதினைந்து அடிக்கு ஒரு வேம்பு, நடுவில் விளக்குக் கம்பம், சொட்டுநீர்க் குழாய், மேன்ஹோல் மூடி, இப்போது சோலார் பலகை வேறு. ஐந்தடி மோவர் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் போனால் திரும்புகிற நேரம் கழித்து ஒரு மணி நேரத்தில் ஒன்றரை ஏக்கர் முடிக்கும். ஏழடி மோவர் திறந்த இடத்தில் அதைத் தாண்டும். மரத்துக்கு நடுவில் வந்தால் முன்னே போய், பின்னே வந்து, மறுபடி முன்னே போய், கடைசியில் மரத்தைச் சுற்றி ஒரு வட்டம் வெட்டாமல் விட்டுவிடும். அந்த வட்டத்தை வெட்ட இரண்டு பேர் தோளில் பிரஷ் கட்டரோடு பின்னாலேயே வர வேண்டும். அவர்கள் கூலி எந்த எச்.பி. கணக்கிலும் வராது.

லோடர் விஷயத்துக்கு வருகிறேன். இங்கேதான் பெரிய வண்டி வாதம் வெறும் வீண்செலவாக இருப்பது போய் ஆபத்தாக மாறுகிறது.

என் மைத்துனன் ஐம்பது எச்.பி. வண்டி வாங்கினான். டூ வீல் டிரைவ். ஃபோர் வீலுக்குக் கூடுதலாகக் கேட்டார்கள், அந்தக் காசுக்கு ஒரு பட்டறையில் லோடரே செய்து மாட்டிக்கொண்டான். பக்கெட் பதினைந்து கன அடி. "சின்னதா போட்டா நாலு நடை, பெருசா போட்டா ரெண்டு நடை மாமா" என்றான். ஒரு வளாகத்தில் வடிகால் வண்டலை அள்ளிக் கரைக்குக் கீழே கொண்டுபோய்க் கொட்டுகிற வேலை. பக்கெட்டை நிரப்பி, வழி தெரிவதற்காக உயரத் தூக்கிக்கொண்டு, கரையிலிருந்து சரிவில் இறங்கினான். பாதியில் பிரேக் மிதித்தான். பின் சக்கரம் இரண்டும் நின்றுவிட்டன, வண்டி நிற்கவில்லை. நின்ற சக்கரத்தோடு செம்மண்ணில் இரண்டு கோடு கிழித்தபடி சறுக்கி, கீழே சைக்கிள் ஸ்டாண்டின் கட்டைச் சுவரில் பக்கெட் போய் இடித்த பிறகுதான் நின்றது. ஞாயிற்றுக்கிழமை, ஸ்டாண்டில் யாரும் இல்லை.

"பிரேக் அடிச்சேன் மாமா, வண்டி நிக்கவே இல்ல" என்றான், கை நடுங்க. மெக்கானிக் வந்து பிரித்துப் பார்த்து, பிரேக்கில் ஒரு குறையும் இல்லை என்றார். குறை எதில் என்று அந்த இரண்டு கோடுகளுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து யோசித்தபோதுதான் எனக்குப் புரிந்தது. ஈர வண்டல் கன அடிக்கு நாற்பத்தெட்டு, ஐம்பது கிலோ. பதினைந்து கன அடி என்றால் எழுநூறு கிலோவுக்கு மேல். அது முன் அச்சுக்கும் முன்னால் தொங்குகிறது. ஏற்றத்தின் மறுமுனை மாதிரி பின்பக்கம் லேசாகிவிடும். நம் டிராக்டரில் பிரேக் இருப்பது பின் சக்கரத்தில் மட்டும். தரையில் அழுந்தாத சக்கரத்தை எவ்வளவு இறுக்கிப் பிடித்து என்ன பயன்? ஃபோர் வீல் போட்டிருந்தால் முன் சக்கரமும் கியர் வழியாகப் பின்னோடு பிணைந்திருக்கும். எடை இருக்கிற இடத்திலேயே பிடிப்பு கிடைத்திருக்கும். ஐம்பது எச்.பி.யில் ஒரு எச்.பி.கூட அந்தச் சரிவில் அவனுக்கு உதவவில்லை.

டூ வீல் வண்டியின் முன் அச்சு திருப்புவதற்காகச் செய்தது, சுமப்பதற்காக இல்லை. லோடர் மாட்டி ஒரு வருஷம் ஓட்டினால் முன் பேரிங்கும் ஸ்டியரிங்கும் என்ன ஆகும் என்று பட்டறைக்காரரைக் கேட்டால் சொல்லுவார். அவருக்கு அதில் வருமானம், இருந்தாலும் சொல்லுவார். டிராக்டர் லோடரைத் தொழிலாகச் செய்கிற கோயம்புத்தூர் புல் (Bull) மெஷின்ஸ் போன்றவர்கள் இருக்கும்போது, வண்டியின் எடையையும் அச்சையும் பார்க்காமல் வெல்டிங் ராடை நம்பி லோடர் மாட்டுவது எந்த எச்.பி.யிலும் கூடாது.

மினியில் ஏழு கன அடி பக்கெட் போதும். மண் முந்நூற்றைம்பது கிலோவுக்குள் நிற்கும், நடை அதிகம், ஒப்புக்கொள்கிறேன். பின்னால் மோவர் மாட்டியபடியே லோடர் ஓட்டினால் மோவரின் இருநூற்றைம்பது, முந்நூறு கிலோ முன்பக்கத்து மண்ணுக்கு எதிர் எடை ஆகிவிடும். தராசு மாதிரி. திரும்பும்போது வால் நீளம் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. ரிவர்ஸில் ஒரு தொட்டிச் செடியை நானே சாய்த்திருக்கிறேன். இதனால்தான் டிராக்டர், லோடர், மோவர் மூன்றையும் ஒரே பொருளாக விலை பேச வேண்டும் என்கிறேன். இப்போது நடப்பது என்ன? டிராக்டருக்கு மூன்று நாள் பேரம், லோடருக்கு மூன்று நிமிஷம், மோவர் "அப்புறம் பாத்துக்கலாம்".

மோவரையும் அப்புறம் பார்க்கக் கூடாது. ஒரகடத்துப் புல்லுக்கு அடியில் கட்டுமானக் காலத்து ஜல்லியும் துண்டுக் கம்பியும் கிடக்கின்றன. ஸ்லாஷர் கத்தி அதைத் தொட்டால் துப்பாக்கி மாதிரி எறியும். பக்கத்தில் என்ன நிற்கிறது? வெளியே போகக் காத்திருக்கிற புதுக் கார்கள், வரிசை வரிசையாக. ஒரு கல், ஒரு முன்கண்ணாடி, அந்த மாசத்து பில் முழுக்கப் பிடித்தம். அப்படி ஒரு மாசத்தைப் பார்த்த பிறகு ஸ்டாக்யார்டு ஓரத்துக்கெல்லாம் ஃப்ளெயில் மோவர் வைத்துக்கொண்டேன். சின்னச் சின்னத் தொங்கு கத்திகள், மேலே மூடி, கல் வெளியே பறப்பது குறைவு. விலை அதிகம், சக்தியும் கூடக் கேட்கும், ஐந்தடியை நாலடியாகக் குறைக்க வேண்டியிருக்கும். முன்கண்ணாடி கணக்கோடு ஒப்பிட்டால் மலிவு.

எச்.பி.யில் தெரியாத இன்னும் இரண்டு விஷயம்: கிளட்ச், ஷட்டில். மரம் எதிரே வந்தால் சக்கரம் நிற்க வேண்டும், கத்தி சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சிங்கிள் கிளட்ச்சில் இரண்டும் சேர்ந்து நின்றுவிடும்; நின்ற கத்தி புல்லில் சிக்கும். டூயல் கிளட்ச்சாவது வேண்டும், தனி பிடிஓ இருந்தால் உத்தமம். லோடர் வேலையில் ஒரு நாளைக்குச் சில நூறு தடவை முன்னே போய்ப் பின்னே வர வேண்டும். ஒவ்வொரு தடவையும் கியர் தேடுகிறவனுக்கும் ஸ்டியரிங் பக்கத்து ஷட்டில் லிவரைத் தட்டுகிறவனுக்கும் சாயங்காலம் எத்தனை நடை வித்தியாசம் என்று பாருங்கள்.

"மண்ணுக்கு ஜேசிபி கூப்பிட்டுக்கோ" என்பது மூன்றாவது வாசகம். கூப்பிடலாம், குளம் தோண்டக் கூப்பிடுகிறேன். ஆனால் அது ஏழரை டன். மழைக்காலப் புல்தரையில் இறங்கினால் பள்ளம், பேவர் பிளாக் பாதையில் ஏறினால் கல் உடையும். உடைந்ததற்கு ஆலை என்னிடம்தான் வரும். அரை மணி நேர வேலைக்கு, வந்து போகிற நேரமும் சேர்த்து வாடகை. மட்கு உரம் தள்ள, வெட்டிய புல்லை அள்ள, உடைந்த பேலட்டுகளை ஓரங்கட்ட, அரை யூனிட் எம்-சாண்டை நூறு மீட்டர் நகர்த்த ஜேசிபியைக் கூப்பிடுகிறவன் கொசு அடிக்க உலக்கை தேடுகிறான்.

இன்னொன்று சொன்னால் சிரிக்கிறார்கள்: மினியைச் சின்ன லாரியில் ஏற்றிக்கொண்டு போகலாம். காலையில் ஒரு வளாகம் வல்லம் பக்கம், மத்தியானம் இன்னொன்று இருங்காட்டுக்கோட்டையில் என்றால், ஐம்பது எச்.பி. வண்டி சொந்தக் காலில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே முன்னால் பக்கெட்டும் பின்னால் ஸ்லாஷருமாக ஊர்ந்து போக வேண்டும். அந்தச் சாலையில் ராத்திரி ஷிப்ட் முடிந்து தூக்கக் கலக்கத்தில் ஓட்டுகிறவர்கள் யார் என்று நினைத்தாலே எனக்கு வயிறு கலங்கும்.

சரி, எச்.பி.யால் வகுக்கக் கூடாது என்றால் எதால் வகுப்பது? மணியால். டேஷ்போர்டில் ஒரு மணிக்கணக்கு மீட்டர் இருக்கிறதே, அதால். கணக்குக்காக மூன்றும் சேர்த்து எட்டரை லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு வருஷம் கழித்து நாற்பது சதவீதத்துக்கு விற்கிறீர்கள்; போனது 5,10,000. வருஷத்துக்கு 600 மணி ஓடினால் 4,800 மணி. மணிக்கு 106 ரூபாய் தேய்மானம். வட்டி வருஷத்துக்கு அறுபதாயிரம் என்றால் இன்னும் நூறு. டீசல் மூன்று லிட்டர் சுற்றளவில். 300 மணிதான் ஓடுகிறது என்றால் தேய்மானமும் வட்டியும் சேர்ந்து மணிக்கு நானூறைத் தாண்டிவிடும். அப்போது எந்த எச்.பி.யும் வாங்காதீர்கள், வாடகைக்கு எடுங்கள். இதே கணக்கில், மூன்று நாள் பேரத்தில் அடித்துக் குறைத்த ஐம்பதாயிரம் மணிக்குப் பத்து ரூபாய்தான். அந்தப் பத்து ரூபாய்க்காகத்தான் என் மைத்துனன் ஃபோர் வீலை விட்டான்.

விலையில் கறாராக இருக்க வேண்டிய இடம் வேறு இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு ஜிஎஸ்டி 12இலிருந்து 5 சதவீதமாக இறங்கியது. முன்பு வரியோடு 5,64,500 இருந்த வண்டியில், அடக்கவிலை மாறாவிட்டால், 35,000 ரூபாய் குறைந்திருக்க வேண்டும். பழைய விலைப்பட்டியலைக் கேட்டு வாங்கி ஒப்பிடுங்கள். லோடரும் மோவரும் தனி பில்லாக வரும். டிராக்டரின் வரியே அவற்றுக்கும் என்று தலையாட்டாமல் பில்லில் எச்எஸ்என் எண்ணைப் பாருங்கள். விவசாயத்துக்கு என்று பதிவு செய்து, மானியமும் வாங்கி, அதே வண்டியை ஆலை ஒப்பந்தத்துக்கு ஓட்டுகிற சாமர்த்தியத்தைப் பலர் எனக்குச் சொல்லிக் கொடுக்க முயன்றிருக்கிறார்கள். கேட்டில் ஆர்.சி.யையும் இன்சூரன்ஸையும் பார்ப்பார்கள் என்பது ஒரு பக்கம். அந்தக் கட்டைச் சுவருக்குப் பதில் ஒரு ஆள் நின்றிருந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பிரிக்கிற காகிதம் அதுதான்.

மினிக்கு மறுவிலை இல்லை என்கிற வாதம் எங்கள் தெருவோடு முடிகிற வாதம். கம்பம் பள்ளத்தாக்குத் திராட்சைப் பந்தலுக்கு அடியில் ஐம்பது எச்.பி. நுழையுமா? வாங்குகிறவன் இருக்கிறான், நம் தெருவில் இல்லை, அவ்வளவுதான். மினிக்கும் குறை உண்டு. நெல் வயல் பத்து ஏக்கர் இன்னும் கையில் இருக்கிறவன், வாரத்துக்கு நாலு நாள் பெட்டி இழுக்கிறவன் இதைப் படித்துவிட்டு மினி வாங்கினால் என்னைத் திட்டுவான். அவன் ஐம்பதே வாங்கட்டும், ஃபோர் வீலாக வாங்கட்டும்.

ஷோரூமில் டெமோ கேட்டால் வழுவழு சிமென்ட் தரையில், காலி பக்கெட்டைத் தூக்கி இறக்கிக் காட்டுவார்கள். போன மாசம் ஒருவருக்குத் துணையாகப் போயிருந்தேன். "மண் போட்டுக் காட்டுங்க தம்பி" என்றேன். "மண்ணு இங்க எங்க சார் இருக்கு?" என்றார் சேல்ஸ் பையன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஏரி. கரைச் சரிவு இருக்கிறது, ஈர வண்டல் வேண்டிய மட்டும் இருக்கிறது. மேனேஜரைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று உள்ளே போனார். நாங்கள் இரண்டு டீ குடித்து முடித்தோம்.